ஈயக் குடுவையும் வெடிமருந்தும்

போர்களைப் பற்றியும் பெரும் பயணங்களைப் பற்றியும் வரலாற்று நூல்கள் நிறையச் சொல்கின்றன. தலைவர் யார், சென்ற வழி எது, வென்றவர் யார், தோற்றவர் யார் என்பனவெல்லாம் அவற்றிலே காணக் கிடைக்கும். ஆனால், அத்தலைவர்களின் தோளில் தொங்கிய துப்பாக்கிக்கு வேண்டிய மருந்து எந்தப் பாத்திரத்தில் வந்தது, அதை வாங்கி எத்தனை மாதமாயிற்று, எத்தனை முறை அது ஆற்றில் விழுந்தது, விழுந்து எடுத்த பின்னும் தீப்பற்றியதா என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. எழுதுவோர் அதை ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. இன்று நான் அந்தச் சிறிய கேள்வியையே எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். சேமித்து வைத்த வெடிமருந்து எத்தனை நாள் நம்பத்தக்கதாய் இருக்கும்? சேமித்த இடத்திலேயே வைத்திராமல், அதைச் சுமந்துகொண்டு ஒரு கண்டத்தையே கடந்து திரும்பினால் எத்தனை நாள் இருக்கும்?

இக்கேள்விக்கு நாளும் எண்ணிக்கையும் குறித்து விடை எழுதி வைத்துச் சென்றவர் ஒருவர் உண்டு. அவர் அமெரிக்கராகிய காப்டன் மெரிவெதர் லூயிஸ். 1804 முதல் 1806 வரை அவரும் வில்லியம் கிளார்க்கும் ஒரு சிறு கூட்டத்தாரோடு மிசௌரி ஆற்றின் வழியே மேற்கு நோக்கிச் சென்று, மலைகளைக் கடந்து, பசிபிக் மாகடலைக் கண்டு மீண்டனர். அப்பயணத்தின் நாட்குறிப்புகள் பல தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன. அவற்றை முதன்முறை படித்தபோது, மலைகளையும் கரடிகளையும் பற்றிய பகுதிகளிலேயே என் மனம் ஓடிற்று. வெடிமருந்தைப் பற்றிய குறிப்புகளை ஏடு தள்ளிப் போய்விட்டேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மறுமுறை படித்தபோதுதான், அக்குறிப்புகள் இல்லையேல் மற்றக் குறிப்புகளும் இல்லை என்பது புலனாயிற்று.

1803-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் லூயிசியானா என்னும் பெருநிலப் பரப்பைப் பிரான்சிடமிருந்து விலைக்கு வாங்கின. அதற்குச் சற்று முன்பிருந்தே குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் மேற்குக்கு ஒரு குழுவை அனுப்பத் திட்டமிட்டிருந்தார். தம் அந்தரங்கச் செயலாளராக இருந்த லூயிசையே அதற்குத் தலைவராக்கினார். லூயிஸ் அவ்வாண்டு பிலடெல்பியா நகரில் தங்கி, மருத்துவரிடம் மருத்துவமும் கணித அறிஞரிடம் விண்மீன் கொண்டு இடமறியும் முறையும் கற்றுக்கொண்டு, பயணத்துக்கு வேண்டிய பொருள்களை வாங்கிச் சேர்த்தார்.

வாங்கிய பொருள்களில் உணவு இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் முப்பது பேருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வேண்டிய உணவை எந்தப் படகு சுமக்கும்? வழியில் வேட்டையாடியே உண்ண வேண்டும். ஒரு நாள் முழுதும் தம் கூட்டத்தாரின் வயிறு நிறைய வேண்டுமானால் நான்கு மான்கள் வேண்டும், அல்லது ஒரு பெருங்கடமானும் ஒரு மானும் வேண்டும், அல்லது ஒரு காட்டெருமை வேண்டும் என்று லூயிஸ் பின்னர்க் கணக்கெழுதியிருக்கிறார். ஆகவே, அவர்களுக்கு வெடிமருந்து வெறும் படைக்கலம் அன்று; அதுவே அரிசி மூட்டை. அது கெட்டால் அடுப்பு எரியாது.

அக்காலத்து வெடிமருந்து கரிமருந்து. முக்காற்பங்கு வெடியுப்பு, எஞ்சிய காற்பங்கில் கரி மிகுதி, கந்தகம் குறைவு. இம்மூன்றும் தனித்தனியே ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் கெடாத பொருள்கள். அரைத்துச் சேர்த்துக் குருணையாக்கிய பின்னும், உலர்ந்தே இருக்குமாயின், அவற்றுக்கு மூப்பு என்பதே இல்லை எனலாம். இதற்கு ஒரு சான்று சொல்கிறேன். அது மகிழ்ச்சிக்குரியது அன்று. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் பயன்பட்ட பீரங்கிக் குண்டுகளைத் தேடியெடுத்துத் துப்புரவு செய்து வைப்போர் அந்நாட்டில் உண்டு. 2008-ஆம் ஆண்டில் விர்ஜீனியா மாநிலத்தில் ஒருவர் அவ்வாறு துப்புரவு செய்கையில் குண்டு வெடித்து உயிரிழந்தார். ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் இரும்புக் கூட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த மருந்து தன் தொழிலை மறக்கவில்லை.

ஆயின், கரிமருந்துக்குப் பகை ஈரம். நமத்துப்போதல் என்று நாம் அப்பளத்துக்கும் பட்டாசுக்கும் ஒரே சொல்லைத்தான் வழங்குகிறோம். ஆனால் அப்பளத்தை வெயிலில் காட்டினால் பழைய நிலைக்கு மீளும். மருந்து அவ்வாறு மீளாது. தூய வெடியுப்பு காற்றிலுள்ள ஈரத்தை எளிதில் ஏற்பதில்லை. அதனோடு கலந்திருக்கும் சாதாரண உப்பு முதலிய மாசுகளும், கரியும் ஏற்கும். ஈரம் மிகுந்தால் வெடியுப்பு கரைந்து, கரியை விட்டுப் பிரிந்து, குருணையின் மேற்புறத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். பிறகு அதை உலர்த்தினால் மூன்று பொருள்களும் மீண்டும் கிடைக்கும். ஆனால் அவற்றை நெருக்கிச் சேர்த்திருந்த அந்தக் கலப்புக் கிடைக்காது. எரியும், ஆனால் வேகம் இராது. மானை வீழ்த்த வேண்டிய குண்டு மானுக்கு முன்னாலேயே மண்ணில் விழும்.

இதனாற்றான் கோட்டைகளிலும் கப்பல்களிலும் மருந்தறைக்கென்று தனி முறைகளை வகுத்தார்கள். மரப் பீப்பாய்களில் மருந்தை நிரப்பினார்கள். இரும்பு வளையம் உராய்ந்து பொறி எழும் என்று அஞ்சி மர வளையமும் செப்பு வளையமும் இட்டார்கள். மருந்து கட்டிதட்டாமலிருக்கப் பீப்பாய்களை அவ்வப்போது புரட்டி வைத்தார்கள். இவையெல்லாம் கூரையுள்ள இடத்துக்கு ஏற்றவை. நாளெல்லாம் தோணியில் அலை மோத, இரவெல்லாம் மணற்கரையில் பனி பெய்ய, பகலில் வெயில் காய மரம் சுருங்க, மாலையில் நனைய மரம் பருக்க, இப்படியே ஈராயிரம் மைல் செல்லும் பீப்பாய் எத்தனை நாள் இறுக்கமாக இருக்கும்?

லூயிஸ் இங்கேதான் தம் அறிவைக் காட்டினார். துப்பாக்கிக்கு மருந்து வேண்டும். குண்டு வார்க்க ஈயமும் வேண்டும். மருந்தைப் பீப்பாயிலும் ஈயத்தைப் பாளமாகவும் தனித்தனியே கொண்டு செல்வதே உலக வழக்கம். அவரோ ஈயத்தைத் தகடாக்கிக் குடுவைகளாகச் செய்வித்து, மருந்தை அக்குடுவைகளுக்குள்ளேயே நிரப்பச் செய்தார். குடுவை ஒன்றின் ஈயம் 8 ராத்தல். உள்ளே மருந்து 4 ராத்தல். அந்த 8 ராத்தல் ஈயத்தில் வார்க்கும் குண்டுகளைச் சுடுவதற்கு அந்த 4 ராத்தல் மருந்து சரியாக இருக்கும் என்பது கணக்கு. வாயைத் தக்கையால் அடைத்து மெழுகால் பூசினார்கள். இவ்வாறு 52 குடுவைகள் செய்யப்பட்டன.

இதன் நயத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஈயத்தில் ஈரம் ஊறாது. அது துருப்பிடித்து ஓட்டையாகாது. இரும்போடு உராய்ந்தாலும் பொறி எழாது. குடுவை ஒன்று காலியானவுடன் அதையே விறகுத் தீயில் உருக்கிக் குண்டாக வார்த்துக்கொள்ளலாம். உள்ளிருந்த பொருள் தீர்ந்ததும் பாத்திரமும் உடன் தீர்ந்துவிடும். வெறும் பாத்திரத்தைச் சுமக்கும் துன்பம் இல்லை. மேலும், ஒரு குடுவை உடைந்தால் நான்கு ராத்தல்தான் போகும். பீப்பாய் ஒன்று உடைந்தால் முழுவதும் போய்விடும்.

லூயிஸ் செய்த ஏற்பாடுகளெல்லாம் இப்படி வாய்த்தன என்று சொல்லிவிட முடியாது. அவர் மிகவும் பெருமையாகக் கருதியது வேறொன்று. பிரித்துக் கட்டக்கூடிய இரும்புச் சட்டத்தில் தோலைப் போர்த்திச் செய்யும் படகு ஒன்றை அவரே வகுத்து, சட்டத்தை நெடுந்தூரம் சுமந்துகொண்டு சென்றார். 1805 ஜூலையில், மிசௌரியின் பெருவீழ்ச்சிகளுக்கு மேலே, பல நாள் உழைத்து அதைப் பூட்டி நீரில் இறக்கினார்கள். தையலில் பூசத் தார் கிடைக்கவில்லை. மாற்றாகப் பூசிய கலவை உரிந்துகொண்டது, படகு ஒழுகிற்று, அதை அங்கேயே விட்டுவிட்டுப் போக நேர்ந்தது. அவர் உள்ளம் புண்பட்டது நாட்குறிப்பில் தெரிகிறது. பெருமையாக எண்ணியது பொய்த்தது, குடுவை கைகொடுத்தது.

1804 மே 14-ஆம் நாள் புறப்பட்ட கூட்டம், மாண்டன் மக்களின் ஊர்களுக்கு அருகே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, 1805 ஏப்ரல் 7-ஆம் நாள் மீண்டும் மேற்கே திரும்பியது. அப்போது அவர்கள் முப்பத்து மூவர். அவர்களில் ஒருத்தி ஷோஷோனி குலத்துச் சகாகவியா என்னும் இளம்பெண். அவள் முதுகில் கைக்குழந்தை. புறப்பட்டு ஐந்து வாரம் சென்று, மே 14-ஆம் நாள், பாய் கட்டிய பெருந்தோணி ஒன்று காற்றில் சாய்ந்து நீர் நிரம்பியது. அதில்தான் கருவிகளும் தாள்களும் மருந்துப் பெட்டியும் இருந்தன. சுக்கான் பிடித்திருந்தவன் கை நடுங்கிக் கடவுளை அழைத்துக்கொண்டிருக்க, சகாகவியா அமைதியாக அமர்ந்து மிதந்து சென்ற பொருள்களைப் பிடித்து எடுத்தாள் என்று லூயிஸ் பாராட்டி எழுதுகிறார். பெட்டியிலிருந்த நோய் மருந்துகளே மிகுதியாகக் கெட்டன. வெடிமருந்தில் சிறிதளவே போயிற்று.

உண்மையான சோதனை அவ்வாண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் வந்தது. மலைகளை நெருங்கிய இடம். ஆறு குறுகிக் கற்களின் மேல் பாய்ந்தோடும். தவறான கிளையாற்றில் சென்று திரும்புகையில் ஒரு தோணி கவிழ்ந்தது. வேறு இரண்டில் நீர் நிரம்பியது. தோணியிலிருந்து விழுந்த வீரன் ஒருவன்மேல் தோணியே ஏறிச் சென்றது. நீர் இன்னும் இரண்டு அங்குலம் குறைந்திருந்தால் அவன் நசுங்கி மாண்டிருப்பான். அன்று மாலை பொருள்களையெல்லாம் கரையில் பரப்பிப் பார்த்தார்கள். அங்கே இருவகை மருந்து இருந்தது. ஒரு மரப் பீப்பாயில் ஏறத்தாழ 20 ராத்தல் மருந்து. அது நன்கு இறுகியது என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள். அது முழுவதும் நனைந்து பாழாய்ப்போயிற்று. ஈயக் குடுவைகளில் சில ஒரு மணி நேரத்துக்கு மேல் நீரடியில் கிடந்தன. அவற்றிலிருந்த மருந்தில் ஒரு குருணையும் கெடவில்லை.

ஓர் ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதிக்க விரும்புவோர் என்ன செய்வர்? ஒரே ஆற்றில், ஒரே நாளில், இருவகைப் பாத்திரங்களை முக்கி எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பர். அதைத்தான் அந்த ஆறு செய்து காட்டிற்று. மருந்தின் ஆயுள் மருந்தில் மட்டும் இல்லை, பாத்திரத்தில் இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அவ்விலையுதிர் காலத்தில் அவர்கள் மலைகளைக் கடந்தார்கள்; பட்டினி கிடந்து குதிரையை அடித்துத் தின்றார்கள்; கொலம்பியா ஆற்றின் வழியே இறங்கிக் கடலை அடைந்தார்கள். கடற்கரையில் அவர்களை வரவேற்றது மழை. கிளாட்சாப் மக்களின் நாட்டில் மரக்கட்டைகளால் சிறு கோட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு, 1805 டிசம்பர் முதல் 1806 மார்ச் 23 வரை அங்கே தங்கினார்கள். ஏறத்தாழ 106 நாள் தங்கியதில் மழை பெய்யாத நாள்கள் பன்னிரண்டே. தோலாடைகள் உடம்பிலேயே மக்கின. வேட்டையாடிக் கொணர்ந்த இறைச்சி புகையிட்டும் நாறிற்று. இத்தகைய இடத்தில் வெடிமருந்து மட்டும் எப்படி இருக்கும்?

1806 பிப்ரவரி 1-ஆம் நாள் லூயிஸ் அதைப் பார்த்துவிடுவதென்று முடிவு செய்தார். குடுவைகள் யாவும் வெளியே எடுத்துத் திறக்கப்பட்டன. அந்தக் காட்சியை என் மனக்கண்ணால் பலமுறை பார்த்திருக்கிறேன். வெளியே ஓயாத தூறல். தாழ்ந்த கூரைக்குள் விறகுப் புகை. ஒவ்வொரு மெழுகு முத்திரையையும் கீறித் தக்கையைப் பிடுங்கும்போது எல்லாருடைய கண்ணும் அதன்மேலேயே இருந்திருக்கும். ஏனெனில், உள்ளே இருப்பது நமத்திருந்தால் திரும்பும் வழி இல்லை. வந்த தூரம் முழுவதையும் மீண்டும் நடக்க வேண்டும். நடப்பவர் உண்ண வேண்டும்.

எண்ணிக்கையை அவரே எழுதி வைத்திருக்கிறார். உயர்ந்த வகைத் துப்பாக்கி மருந்து 27 குடுவை, சாதாரண வகை 4, மெருகிட்டது 3, பெருந்துப்பாக்கி மருந்து 1. ஆக 35 குடுவைகள், நிரப்பிய நாளில் இருந்தது போலவே உலர்ந்திருந்தன. மெருகிட்ட மருந்து என்பது, குருணைகளை உருளைக்குள் இட்டுச் சுழற்றி மேற்புறத்தை வழவழப்பாக்கியது. அதுவும் ஈரத்தைத் தடுக்கும் ஓர் உபாயமே. இக்குடுவைகள் பலவிதமான விபத்துகளில் மணிக்கணக்கில் நீரில் கிடந்தவை என்பதையும் லூயிஸ் மறவாமல் குறிப்பிடுகிறார். இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் ஒரு வேட்டுக்குரிய மருந்தும் மிஞ்சியிருக்காது என்று அவர் எழுதும் இடத்தில் தற்பெருமை சிறிது தலை காட்டத்தான் செய்கிறது. இரும்புப் படகில் பட்ட அவமானத்துக்கு இது ஆறுதலாக இருந்திருக்கும். நான் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன்.

பழுதுபட்டவை ஐந்து. அவற்றின் வரலாறுதான் எனக்கு 35 நல்ல குடுவைகளைக் காட்டிலும் சுவையாகப் படுகிறது. மூன்று, எங்கோ மோதி நசுங்கி விரிசல் கண்டவை. ஒன்று, தக்கையைக் கவனமின்றி அடைத்தது. மற்றொன்றில் ஓர் ஆணி ஏறியிருந்தது. ஆக, ஐந்தில் ஒன்றுகூட மருந்தின் குற்றத்தால் கெடவில்லை. மூன்று வழியின் குற்றம். ஒன்று ஆணியின் குற்றம். ஒன்று கையின் குற்றம். அந்த ஐந்தையும் வீரர்களிடம் கொடுத்து உலர்த்தச் சொன்னார் லூயிஸ்.

நல்லவற்றை என்ன செய்தார் என்பதும் தெரிந்துகொள்ளத் தக்கது. எல்லாவற்றையும் ஒரே தோணியில் ஏற்றாமல், ஒவ்வொரு தோணியிலும் ஒரு பங்கு வைப்பது அவருடைய வழக்கம். ஒரு தோணி போனாலும் மற்றத் தோணிகளில் மருந்து இருக்கும். திரும்பும் வழி நாலாயிரம் மைல். உணவுக்கும் காவலுக்கும் இதுவே நம்பிக்கை என்கிறார். அவ்விடத்தில் அவர் வழியிலுள்ள மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று குறிப்பிடுகிறார். அச்சொல் அவர் காலத்தில் அவர் இனத்தார் எளிதாக வழங்கிய சொல். ஆனால் மாண்டன் மக்களின் சோளமும், ஷோஷோனியரின் குதிரைகளும், நெஸ்பெர்ஸ் மக்களின் கிழங்கும் மீனும் இல்லாதிருந்தால், மருந்து எவ்வளவு உலர்ந்திருந்தும் அக்குழு கடலைக் கண்டிராது. அதை அவருடைய நாட்குறிப்பே பக்கத்துக்குப் பக்கம் சொல்கிறது.

அந்தக் குளிர்காலம் முடியும்போது அவர்களிடம் வேறு எதுவும் மிஞ்சவில்லை. சாராயம் முந்திய ஆண்டு ஜூலை 4-ஆம் நாளே தீர்ந்துவிட்டது. பண்டமாற்றுக்குக் கொண்டுவந்த மணிகளும் சிறு பொருள்களும், எல்லாம் சேர்த்து, இரண்டு கைக்குட்டைகளில் அடங்கிவிடும் அளவே இருந்தன. அவர்களைச் செல்வராக்கியது ஈயக் குடுவை ஒன்றே. டிசம்பர் முதல் மார்ச்சு வரை அங்கே 131 பெருங்கடமான்களும் 20 மான்களும் வீழ்ந்தன என்று குழுவிலிருந்த பாட்ரிக் காஸ் கணக்கு வைத்திருக்கிறார். திரும்பும் வழியில் வெடிமருந்தே நாணயமாகவும் ஆயிற்று. முன்பு அவர்கள் விட்டுச்சென்ற குதிரைகளைப் பேணிய நெஸ்பெர்ஸ் தலைவர் ஒருவருக்கு, கூலியின் ஒரு பகுதியாக ஒரு துப்பாக்கியும் 100 குண்டும் 2 ராத்தல் மருந்தும் கொடுத்தார்கள். நமத்த மருந்தைக் கொடுத்து அத்தகைய நட்பைக் காத்திருக்க முடியுமா?

இதுவரை சொன்னது சுமந்து சென்ற மருந்து. புதைத்து வைத்ததும் உண்டு. 1805 ஜூனில், சுமையைக் குறைப்பதற்காக, மரியாஸ் ஆறு மிசௌரியோடு கலக்கும் இடத்தில் குழிகள் தோண்டிப் பல பொருள்களைப் புதைத்தார்கள். அவற்றுள் ஈயக் குடுவைகளில் 24 ராத்தல் மருந்தும் இருந்தது. பெருவீழ்ச்சிகளின் மேற்புறத்திலும் ஒரு குழி தோண்டினார்கள். 1806 ஜூலை 13-ஆம் நாள் லூயிஸ் அந்த மேற்குழியைத் திறந்து பார்த்தார். ஆறு பெருகிக் குழிக்குள் நீர் புகுந்திருந்தது. கரடித்தோல்கள் அழிந்திருந்தன, அரும்பாடுபட்டுச் சேர்த்த செடிகொடி மாதிரிகள் யாவும் பாழ். மருந்துப் பெட்டியில் அபினிச் சாறு வைத்திருந்த கண்ணாடிக் குப்பியின் அடைப்பு கழன்று, சாறு வழிந்து, மற்ற மருந்துகளில் பெரும்பகுதியைக் கெடுத்திருந்தது. ஈயக் குடுவைக்குக் காட்டிய கவனத்தை அந்தக் குப்பிக்கும் யாராவது காட்டியிருக்கலாம்.

மரியாஸ் குழியைத் திறப்பதற்கு முந்தின நாள் பெருந்துன்பம் ஒன்று நேர்ந்தது. ஜூலை 27-ஆம் நாள் விடியற்காலையில், லூயிசும் மூன்று துணைவர்களும் முந்தின மாலை தம்மோடு கூடித் தங்கிய பிளாக்ஃபீட் இளைஞர் எண்மரோடு கைகலந்தார்கள். இளைஞர்கள் துப்பாக்கிகளைக் கவர முயன்றதே தொடக்கம். ஒருவன் கத்திக் குத்தில் மாண்டான். குதிரைகளை ஓட்டிச் சென்ற மற்றொருவனை லூயிஸ் வயிற்றில் சுட்டார். விழுந்தவன் நிமிர்ந்து திருப்பிச் சுட்டான். குண்டின் காற்றுத் தம் தலைமயிரில் பட்டதை லூயிஸ் உணர்ந்தார். அப்போது அவரால் மீண்டும் சுட முடியவில்லை. ஏன்? மருந்து நமத்ததாலா? அன்று. குண்டுப் பையைத் தங்குமிடத்திலேயே விட்டுவிட்டு ஓடிவந்திருந்தார். ஈராண்டுகளுக்கு மேலாக ஆற்றுக்கும் மழைக்கும் தப்ப வைத்துக் காத்த மருந்து, வேண்டிய நொடியில் அவர் இடுப்பில் இல்லை. முந்தின மாலை, அவர்களுடைய பகைவர்களோடும் தம் நாட்டார் வணிகம் செய்யப் போவதாகச் சொன்னவரும் அவரே. அவ்விளைஞர்களுக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அங்கிருந்து இரவும் பகலுமாகக் குதிரையோட்டி, மறுநாள் மிசௌரிக் கரையில் தம் கூட்டத்தாரைக் கண்டு, மரியாஸ் குழியைத் திறந்தார்கள். குழி இடிந்து உள்ளே சரிந்திருந்தது. கரடித்தோல்கள் போயின, வீரர்களின் உடைமைகள் பலவும் கெட்டன, வறுத்த மாவு பாழ். ஆனால் வெடிமருந்துக்கு மிகச் சிறிதே சேதம். பதின்மூன்று மாதம் ஈர மண்ணுக்கடியில், இடிந்த குழியில் கிடந்த மருந்து அது. பின்னால் பகைவர் துரத்தி வரக்கூடும் என்ற அச்சத்தோடு நின்றவர்களுக்கு அது எத்தகைய செல்வமாகத் தோன்றியிருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

மருந்து நம்பத்தக்கதாகவே இருந்தது என்பதற்கு லூயிஸ் தம் உடலிலேயே ஒரு சான்று பெற்றார். ஆகஸ்டு 11-ஆம் நாள் அவரும் குரூசாட் என்னும் படகோட்டியும் புதர்களிடையே கடமான் வேட்டைக்குப் போனார்கள். குரூசாட்டுக்கு ஒரு கண் இல்லை. மற்றக் கண்ணிலும் பார்வை குறைவு. தோலுடை அணிந்த தலைவரைக் கடமான் என்று கருதிச் சுட்டுவிட்டார். குண்டு இடத்தொடையின் மேற்பகுதியைத் துளைத்துச் சென்றது. உடையில் சிக்கியிருந்த அதை எடுத்துப் பார்த்த லூயிஸ், அது தம் குழுவின் துப்பாக்கிக் குண்டே என்று கண்டுகொண்டார். சில வாரம் அவர் தோணியில் குப்புறப் படுத்தே பயணம் செய்ய வேண்டியிருந்தது.

உலோகப் பாத்திரத்தின் பெருமையை வட துருவப் பயணிகளும் பின்னர்க் கண்டார்கள். 1825-இல் பாரி என்னும் ஆங்கிலத் தலைவர் பியூரி என்ற கப்பலைப் பனிக்கட்டிக்குப் பலி கொடுத்து, அதன் சரக்குகளைக் கரையில் விட்டுச் சென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து 1829-இல் ஜான் ராஸ் அங்கே போனபோது, மருந்தறையின் கூரை பிய்ந்திருந்தது. மேலிட்ட உறை கந்தலாயிருந்தது. ஆனால் பெட்டிகளுக்குள்ளிருந்த மருந்து முற்றும் உலர்ந்திருந்தது.

இதைக் கேட்டு, இறுக மூடி வைத்தால் எந்த வெடிமருந்தும் நிலைக்கும் என்று நேயர்கள் கருதிவிடலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கரிமருந்தின் இடத்தைப் புகையில்லா மருந்து பிடித்தது. 1884-இல் பிரெஞ்சு அறிஞர் போல் வியேல் அதைப் படைத்தார். பஞ்சை நைட்ரிக அமிலத்தால் மாற்றிச் செய்யப்படும் அம்மருந்து நீருக்கு அவ்வளவாக அஞ்சாது. வெப்பத்துக்கும் தன் மூப்புக்குமே அஞ்சும். அடைத்து வைத்த இடத்திலேயே அது மெல்லச் சிதைந்து அமில வாயுவைக் கக்கும். அவ்வாயு மேலும் சிதைவை வளர்க்கும். வெப்பம் ஏறித் தானே தீப்பற்றும். 1907 மார்ச்சு 12-இல் தூலோன் துறைமுகத்தில் இயேனா என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1911 செப்டம்பர் 25-இல் அதே துறைமுகத்தில் லிபர்த்தே என்ற கப்பல் வெடித்து இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரண்டுக்கும் பழைய மருந்தே காரணமாகக் கூறப்பட்டது. அதன்பின், வாயுவை உட்கொண்டு சிதைவைத் தடுக்கும் பொருளைக் கலப்பதும், காலந்தோறும் மருந்தை எடுத்துச் சோதிப்பதும் கட்டாயமாயின. பழைய மருந்து சுடாமல் ஏமாற்றும். புதிய மருந்தோ சுடச் சொல்லாமலே சுடும். லூயிசின் குடுவையில் புகையில்லா மருந்தை அடைத்து மூன்று கோடைகள் தோணியில் வைத்திருந்தால், மெழுகு முத்திரை அதைக் காத்திருக்குமா என்பது ஐயமே.

லூயிசும் கிளார்க்கும் 1806 செப்டம்பர் 23-ஆம் நாள் செயின்ட் லூயிஸ் நகரை அடைந்தார்கள். ஊரார் கரையில் கூடி நின்று வரவேற்றார்கள். பயணம் முடிந்ததும், எஞ்சிய அரசாங்கப் பொருள்கள் இனித் தேவையில்லை என்று அந்நகரிலேயே பொது ஏலத்தில் விடப்பட்டன. துப்பாக்கிகள், மருந்துக் கொம்புகள், குண்டுப் பைகள், பாத்திரங்கள், கோடரிகள் ஆகியவற்றோடு, மிஞ்சிய வெடிமருந்தும் ஈயமும் அந்த ஏலப் பட்டியலில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைத்த தொகை 408 டாலர் 62 சென்ட்.